ஜூரி தகுதிப் படிவம்: தமிழ்க் குறிப்புக்கு உதவி தேவை

வணக்கம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்ற ஜூரித் தேர்வு (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவைத் தேர்ந்தெடுப்பது) பற்றித் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. இரண்டு இடங்களில் உங்கள் உதவி வேண்டும்.

பொதுவாக முதலில் வருவது சம்மன் அல்ல, ஜூரராக இருக்கத் தகுதி உண்டா என்று கேட்கும் தகுதிப் படிவம். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுக்கிறார்கள். பல இடங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலையும் சேர்ப்பதால்தான் கிரீன் கார்டு, எச்-1பி வைத்திருப்பவர்களுக்கும் வந்துவிடுகிறது. நமக்கில்லை என்று குப்பையில் போடுவதுதான் வழக்கமான தவறு. 'குடிமகன் அல்ல' என்று குறித்து 10 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நேரில் வரச் சொல்லலாம். அவசரத்தில் குடிமகனா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறிப்பது அதைவிட மோசம், குடியேற்ற விண்ணப்பத்தையே பாதிக்கும். உங்கள் மாநில நீதிமன்றப் படிவத்தில் எத்தனை நாள் கெடு? ஆன்லைனில் நிரப்ப முடிகிறதா?

அடுத்தது ஒரு சொல். காரணம் சொல்லாமலே ஜூரரை விலக்கும் உரிமை (peremptory challenge), பெருங்குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10, அரசுத் தரப்புக்கு 6. (இனத்தைப் பார்த்து விலக்கக் கூடாது என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1986 பேட்சன் தீர்ப்பு.) இந்த உரிமையை 'காரணமற்ற ஆட்சேபம்' என்று எழுதினால் அர்த்தமில்லாத ஆட்சேபம் போல ஒலிக்கிறது. வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது பொருத்தமான சொல் தர முடியுமா?