அக்னிவீர் ராணுவ ஆள்சேர்ப்பு ராலிக்கு ஏழு வாரம்தான், 1.6 கி.மீ. ஓட்டம் 6:05-லேயே நிற்கிறது

தாமிரபரணிக்கரை:
ஜி.டி. (ஜெனரல் டியூட்டி, பொதுப்பணி வீரர்) எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். தினமும் விடியற்காலை தார்ச் சாலையில் 5 கி.மீ. ஓடுகிறேன், இருந்தும் 1.6 கி.மீ. ஓட 6 நிமிடம் 5 நொடி ஆகிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பீம் (கம்பியில் தொங்கித் தாடை மேலே வரும்படி உடம்பைத் தூக்குவது) ஐந்துதான் வருகிறது, ஆறாவதில் கை விட்டுவிடுகிறது. பத்து நாளாக முன்னங்கால் எலும்பில் வலி வேறு. வயது தாண்டப் போகிறது, எனக்கு இதுதான் கடைசி ராலி. என்ன மாற்ற வேண்டும், அண்ணன்மார் சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார்:
தம்பி, தினமும் ஒரே வேகத்தில் ஓடினால் உடம்பு அந்த வேகத்துக்குத்தான் பழகும். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, 5:30-க்குள் முடிக்க ஒரு சுற்றுக்கு 82 நொடி, நீ இப்போது 91-இல் ஓடுகிறாய். வாரம் இரண்டு நாள் ஒரு சுற்றை 82-இல் ஓடு, இரண்டு நிமிடம் நட, மறுபடி ஓடு. ஐந்து சுற்றில் தொடங்கி எட்டு வரை கொண்டு போ. மற்ற நாளில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம் போதும். அப்புறம் ராலியில் விசில் அடித்ததும் கூட்டமே பாயும், முதல் 200 மீட்டரில் அவர்களோடு போட்டி போட்டால் மூன்றாவது சுற்றில் கால் செத்துவிடும்.

செம்மண் மைதானம்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் வலியோடு வேக ஓட்டத்தைத் தொடங்காதே. நான் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன், எலும்பில் கீறல் விழுந்து ராலிக்கே போக முடியவில்லை. விரலால் அழுத்திப் பார், ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார். நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஒரு வாரம் சைக்கிள், நீச்சல், பிறகு தார்ச் சாலையை விட்டு மண் தரையில் மெதுவாக ஆரம்பி. தேய்ந்த ஷூவையும் மாற்று. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதே.

பீம் பத்து:
எல்லோரும் ஓட்டத்தையே பேசுகிறீர்கள். 5:30-க்குள் வந்தால் 60 மதிப்பெண், 5:45-க்குள் வந்தால் 48. பீமில் பத்துக்கு 40, ஆறுக்கு வெறும் 16! நாலே நாலு பீமில் 24 மதிப்பெண் போகிறது, கால் வலி ஆறும் நாட்களில் இதைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஐந்து எடுத்துத் தளராமல், காலையும் மாலையும் மும்மூன்றாக ஐந்து முறை எடு. கடைசியில் ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து நொடி எண்ணிக்கொண்டே இறங்கு. வாரம் ஒரு நாள் கைக்கு ஓய்வு கொடு. உடம்பை ஆட்டாதே, கை முழுசாக நீளாத பீமை அங்கே எண்ண மாட்டார்கள். 9 அடி பள்ளத்தைத் தாண்டி, ஜிக்ஜாக் பேலன்ஸில் (வளைந்து வளைந்து போகும் குறுகிய கட்டை) விழாமல் நடந்தால் போதும், அதற்கு மதிப்பெண் இல்லை.

தாமிரபரணிக்கரை:
அழுத்திப் பார்த்தேன் அண்ணா, ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. நாளை மருத்துவமனைக்குப் போகிறேன். பீம் இன்று மாலையே ஆரம்பிக்கிறேன்.