மினி கூப்பர் எஸ்: சூப்பர்சார்ஜர் ரோட்டார்களின் பூச்சு உரிகிறது, என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். என்னிடம் 2005இல் பதிவான மினி கூப்பர் எஸ் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) 2025இல் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் புதுப்பித்தேன். ஆகவே 2030இல் வண்டியை ஒப்படைத்தே ஆக வேண்டும், அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லை. சென்ற வாரம், சூப்பர்சார்ஜர் அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது, அதன் வாய்ப்பகுதியில் கரும்சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள் கிடந்தன. சிறு கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்ததில், இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரின் இரண்டு ரோட்டார்களிலும் (சுழலும் பாகங்கள்) பூச்சு ஆங்காங்கே உரிந்து, அடியில் இருக்கும் அலுமினியம் தெரிந்தது. கேமராவுக்கு எட்டிய பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது உரிந்திருக்கும்.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில், அப்படியே ஓட்டலாம் என்றார்கள். இன்னொரு பட்டறையில், எஞ்சிய பூச்சையும் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் முழு சூப்பர்சார்ஜரையும் மாற்றச் சொன்னார்கள். இந்தச் செதில்கள் இஞ்சினுக்குள் போனால் கேடு விளையுமா? பூச்சைப் புதிதாகப் பூச முடியுமா? இருபது ஆண்டுகளாக வைத்திருக்கும் வண்டி இது; எஞ்சிய நாள்களை அது நல்ல நிலையில் ஓடிக் கழிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜூரோங் பராமரிப்பாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. ஆலைகளில் ரூட்ஸ் வகை ஊதுபொறிகளைப் பராமரிப்பது என் தொழில். உங்கள் காரில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டு ரோட்டார்களும் ஒன்றையொன்று தொடாமல், கூட்டையும் தொடாமல் சுழன்று, காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுகின்றன. அவற்றுக்கிடையே இடைவெளி கட்டாயம் வேண்டும். ஏனெனில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அந்த இடைவெளி வழியாகக் காற்று பின்னோக்கிக் கசிவதைக் குறைக்கவே பிசினும் கிராஃபைட்டும் கலந்த பூச்சைப் பூசுகிறார்கள். எங்கேனும் லேசாக உரசினாலும் பூச்சுதான் தேயும், உலோகம் தப்பிக்கும்.

முதலில் அந்தச் செதில்களை விரல் நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அது பூச்சு. மிகச் சிறிய துணுக்குகள் இஞ்சினுக்குள் சென்று எரிந்து வெளியேறிவிடும், அதற்காக அஞ்ச வேண்டாம். பளபளத்து வளைந்தால் அது அலுமினியம். அப்போது வண்டியை எடுக்காதீர்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் கிடைத்தாலும் அப்படியே, ஏனென்றால் அது பேரிங்கிலிருந்தோ பற்சக்கரத்திலிருந்தோ வந்த எஃகு. எதுவாக இருந்தாலும் இன்டர்கூலரை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுப் பொருத்துங்கள். துடுப்புகளுக்கிடையே எண்ணெயோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் செதில்கள் பிறகு ஒவ்வொன்றாக வரும்.

அடுத்து, பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இருபது ஆண்டுச் சூடும், இஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து குழாய் வழியே வரும் எண்ணெய் ஆவியும் பிடிப்பைத் தளர்த்தியிருந்தால் இரண்டிலும் ஒழுங்கில்லாத திட்டுகளாக உரியும். ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் தேய்ந்து, எதிரே கூட்டின் சுவரிலும் கீறல் இருந்தால் பேரிங் தளர்ந்து ரோட்டார் உரசுகிறது என்று பொருள். அந்த நிலையில் புதுப் பூச்சு பூசினாலும் சில மாதங்களில் போய்விடும்.

சுரண்டும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி 1 கிராம் மட்டும் சமன் தவறினால், நிமிடத்துக்கு 12,000 சுழற்சியில் 47 நியூட்டன் விசை உண்டாகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடை, நொடிக்கு 200 முறை திசை மாறித் தண்டை இழுப்பதற்கு ஒப்பானது அது. கையால் சுரண்டுபவர் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக எடுப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

புக்கிட் பாத்தோக் ஓட்டுநர் எழுதியது:

அண்ணே, மேலே சொன்னதை நான் பட்டு அறிந்தவன். என்னுடைய மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 கம்ப்ரெஸ்ஸர் காரிலும் ஈட்டன் சூப்பர்சார்ஜர்தான், பெரிய எம்62. பூச்சு உரியத் தொடங்கியபோது, ரசாயனக் கரைப்பான் ஊற்றி மிச்சத்தையும் எடுத்தேன். ரோட்டார்கள் கண்ணாடி போல வந்தன. ஆனால் கரைப்பான் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே இறங்கி பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிட்டது. இரண்டே மாதத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே குறைந்த வேகத்தில் இழுவை தளர்ந்திருந்தது. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போதெல்லாம் அது தெரிந்தது. வேகம் கூடினால் கசிவு பெரிதாகத் தெரியாது, மெதுவாகச் சுழலும்போதுதான் தெரியும். காஸ்டிக் சோடா பயன்படுத்தச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம், அது அலுமினியத்தையே அரிக்கும்.

புதிதாகப் பூச முடியும்தான். அதற்கு பேரிங், சீல் எல்லாவற்றையும் எடுத்து, இரண்டு ரோட்டார்களையும் ஒத்துச் சுழல வைக்கும், தண்டுகளில் இறுக்கிப் பொருத்திய டைமிங் பற்சக்கரங்களைக் கழற்றி, பூச்சைப் பூசி அடுப்பில் சுட்டு, சமன் பார்த்து, இரண்டு ரோட்டார்களின் கோணத்தையும் பழையபடி சரியாக வைத்துப் பூட்ட வேண்டும். அந்தக் கோணம் சற்றே தவறினாலும் இரண்டும் மோதிக்கொள்ளும். இவ்வளவையும் செய்யத் தெரிந்த இடம் கிடைத்தால் ஒழிய கை வைக்காதீர்கள்.

இன்னொன்றைக் கேட்க வேண்டும்: சூப்பர்சார்ஜரின் இரண்டு முனை எண்ணெயையும் எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா? மினியில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனி எண்ணெய். தண்ணீர் பம்ப் பின்பக்கப் பற்சக்கரத்தால்தான் சுற்றுகிறது. பூச்சைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஈசூன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. செதில்கள் நகத்தில் பொடியாயின, காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. சனிக்கிழமை பெல்ட்டைக் கழற்றி, புல்லியைப் பிடித்து அசைத்துப் பார்த்தோம். ஆட்டம் இல்லை, கூட்டில் கீறலும் இல்லை. ஆனால் பின்பக்க எண்ணெயைத் திறந்தபோது ஒரு தேக்கரண்டி அளவுகூட வரவில்லை. வந்ததும் தார் போலக் கறுத்து, கருகிய நாற்றம் அடித்தது. முன்பக்க எண்ணெய் ஓரளவு நன்றாகவே இருந்தது.

ஆகையால் பூச்சை அப்படியே விட்டுவிடுகிறேன். சூப்பர்சார்ஜரை வெளியே எடுத்து, பின்பக்கப் பற்சக்கரத்தைப் பார்த்து, ஆயில் சீலையும் தண்ணீர் பம்பையும் மாற்றி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயை நிரப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். அதுவரை வண்டி கீழ்த்தளத்தில்தான் நிற்கும். பற்கள் தேய்ந்திருந்தால் படத்துடன் இங்கேயே எழுதுகிறேன்.