ஆச்சி வீட்டுக் குழு: குறிகாரிக்கு உருண்டை வேணும்

பாப்பு: ஒரு அவசரம். ஆண்டுவிழா நாடகத்துல குறிசொல்ற கிழவி கண்ணாடி உருண்டைக்குள்ள பாத்துப் பலன் சொல்லணும். 'கிரிஸ்டல் பால்'னு எழுதாத, பழைய தமிழ்ச் சொல்லாப் போடுன்னுட்டாங்க மிஸ் 😭

மாமா: படிகப் பந்து. முடிஞ்சது. நான் காப்பி குடிக்கப் போறேன்.

பெரியம்மா: பந்தாம்ல பந்து! கிரிக்கெட்டா ஆடப் போறா? பளிங்குன்னு போடு. குறள் 706, "அடுத்தது காட்டும் பளிங்குபோல்". ஆனா பாப்பு, அந்தப் பளிங்கு பக்கத்துல இருக்கதத்தான் காட்டும். நாளைக்கு நடக்கப்போறத இல்ல.

பாப்பு: அப்ப நம்மாளுங்க எதப் பாத்துச் சொன்னாங்க?

பெரியம்மா: அவளுக்குப் பேரு கட்டுவிச்சி. திருமங்கையாழ்வாரோட சிறிய திருமடல்ல வர்றா. "சீரார் சுளகில் சிலநெல் பிடித்தெறியா". நெல்ல எறிஞ்சு, உடம்பு சிலிர்த்து, கைய மோந்துட்டு "பேராயிரமுடையான்"ங்கிறா. பொண்ணுக்கு நோவு குடுத்தது பெருமாள்தான்னு கண்டுபிடிச்சிட்டாளாம்!

ஆச்சி (குரல்பதிவு, அம்மா தட்டச்சு செஞ்சது): சுளகு என்னட்டி பழைய சொல்லு? இன்னைக்குக் காலைல சொளவுலதானே அரிசி பொடைச்சேன்.

பெரியம்மா: அதானேம்மா 😄 சென்னைக்காரவுகளுக்குத்தான் அது முறம். இன்னும் கேளு பாப்பு. முருகன் பூசாரி வேலன் கழங்கு போட்டுக் குறி பாப்பான், கழங்குன்னா கழற்சிக்காய். குறுந்தொகை 23ல குறிகாரிக்கு 'அகவன் மகள்'னு பேரு. எனக்கு ரொம்பப் பிடிச்சது விரிச்சி, அடுத்தவங்க தற்செயலாப் பேசுறதக் கேட்டுக் குறி பாக்குறது. முல்லைப்பாட்டுல வயசான பொம்பளைங்க நெல்லும் முல்லப்பூவும் தூவிட்டு, யாரு என்ன பேசுதான்னு காத கொடுத்து நிக்காங்க. கட்டிப்போட்ட கன்னுக்குட்டி தாயத் தேடித் தவிக்குது. ஆய்மகள் ஒருத்தி குளிருக்குத் தோள்ல கையக் கட்டிக்கிட்டு "இன்னே வருகுவர் தாயர்"ங்கிறா. அவ கன்னுக்குச் சொன்னது. இவங்க அத, போருக்குப் போன தலைவன் வந்துருவான்னு எடுத்துக்கிட்டாங்க.

லண்டன் சித்தி: அக்கா சூப்பர் 👏 இங்க பிரிட்டிஷ் மியூசியத்துல ஜான் டீ வச்சிருந்ததாச் சொல்ற கருப்புக் கண்ணாடி இருக்கு. முதலாம் எலிசபெத் ராணி காலத்துல ஜோசியம், மந்திரம்னு இருந்த ஆளு. எரிமலைக் கல்லத் தேச்சுச் செஞ்சது. மெக்சிகோவுல பச்சூக்காங்கிற இடத்துக் கல்லுன்னு 2021ல கண்டுபிடிச்சாங்க. டீக்கு உருவம் எதுவும் தெரியாதாம், உள்ள பாத்துச் சொல்லவே எட்வர்ட் கெல்லின்னு தனியா ஒரு ஆள். அப்படிப் பாத்துச் சொல்றவங்களுக்கு ஸ்க்ரையர்னு பேரு.

மாமா: அட, நம்மூர்ல மை போட்டுப் பாக்குறதேதான்! அந்த கெல்லி வேலைய நானும் பாத்திருக்கேன் 🙋‍♂️

பாப்பு: என்னது??

மாமா: 7 வயசு எனக்கு. வீட்டுப் பித்தள அண்டாவக் காணோம். மைக்காரர் வெத்திலைல மையத் தடவி என் கைல குடுத்தாரு. மினுமினுன்னு இருந்துச்சு, என் மூக்குதான் தெரிஞ்சுது. "ஓட்டு வீடு தெரியுதா? வடக்குத் தெருவா?"ன்னு அவரே கேட்டாரு. கால் வலிச்சுது. ஆமான்னுட்டேன்.

பெரியம்மா: அண்டா ரெண்டு வருசம் கழிச்சு நம்ம மச்சுலதானே கெடந்துச்சு!

பாப்பு: முடிவாயிருச்சு. உருண்டை வேணாம், கட்டுவிச்சிதான். ஆச்சி, உங்க சொளவு தருவீங்களா?

ஆச்சி (குரல்பதிவு, அம்மா தட்டச்சு செஞ்சது): சொளவ எடுத்துட்டுப் போட்டும், நெளிக்காம கொண்டாரச் சொல்லு. ஏலே, மூக்கா தெரிஞ்சுது ஒனக்கு? வடக்குத் தெருக்காரிகூட ரெண்டு வருசம் மொகங்குடுத்துப் பேசலியேல நான்!

மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.