புதுப்பிப்பு: பங்களாத் துப்பாக்கியில் சோக் இல்லாதது ஏன்?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய துரை பங்களாச் சுவரில் தொங்கும், குழலின் வாய்வழியே வெடிமருந்து கிட்டிக்கும் ரவைத் (சிறு ஈயக்குண்டு) துப்பாக்கியின் குழல்முனை ஏன் குறுகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். தேய்ந்திருக்கும் என்றார் ஓர் அண்ணன். எனக்கு அது ஒப்பவில்லை. ரவைச் சிதறலை அடக்கக் குழல்முனையைக் குறுக்கும் சோக் 1870களில்தான் பரவியது. அதற்குள் குழலின் பின்புறம் வழியே போடும் தோட்டா வந்துவிட்டது.

தவிர, இதில் மருந்துக்கும் ரவைக்கும் இடையே வைக்கும் தக்கையும் வாய்வழியேதான் இறங்க வேண்டும். குறுகிய வாயில் எளிதாக நுழையும் தக்கை, உள்ளே அகன்ற குழலில் தளர்ந்து நிற்கும். வெடிவாயு கசிந்து ரவையைக் கலைக்கும்.

கெட்டிக்காரத் தீர்வு ஒன்று உண்டு. வாயை அப்படியே விட்டுவிட்டு, சற்று உள்ளே குழலைக் குடைந்து அகலப்படுத்துவார்கள். பெயர் ஜக் சோக். தக்கை தடையின்றி இறங்கும். சுடும்போது ரவை அங்கே அகன்று, மீண்டும் குறுகி வெளியேறும்.

பங்களாத் துப்பாக்கியில் யாரும் கைவைக்க வேண்டாம், உரிமம் இல்லாமல் அது போலீஸ் வழக்கு.