மாண் தீவுக் கொடி: 'முக்கால்' என்று எழுதலாமா?

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மாண் தீவின் பக்கத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1932 முதல் அவர்கள் கொடி இதுதான்: சிவப்புத் துணியில் கவசம் பூட்டிய மூன்று கால்கள். தொடையில் ஒட்டி, முழங்கால் மடங்கி, ஓடுவதுபோல் இருக்கும். குதிகாலில், குதிரையை முடுக்கும் பொன்னிறக் குதிமுள். கிரேக்கச் சொல்லால் இதை டிரிஸ்கெலியன் என்கிறார்கள். 'முக்கால்' என்றால் முக்கால் கிலோ நினைவுக்கு வரும். 'முக்காலி' ஏற்கெனவே உட்காரும் பொருள். வேறு சொல் தாருங்கள்.

*

தம்பி, 'முத்தாள்' என்று எழுதுங்கள். மூன்று, தாள், முத்தமிழ்போல. வள்ளுவர் 'நற்றாள்' என்றாரே, அந்தத் தாள்.

*

ஐயா, இன்றைய பிள்ளைக்குத் தாள் என்றால் வினாத்தாள்தான். என் பரிந்துரை 'முக்கழல்'. கழல் வீரன் காலில் கட்டுவது. ஆகுபெயராய்க் காலையும் குறிக்கும். கவசக் காலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

*

அக்கா, சிசிலிக் கொடியிலும் இதே சின்னம் உண்டு. நடுவில் கிரேக்கப் புராணத்துப் பாம்புக்கூந்தல்காரி மெதூசாவின் தலை, சுற்றிலும் வெறுங்கால்கள். அங்கே கழல் எங்கே?

*

ஆகுபெயர் ஆனபின் வெறுங்காலும் கழல்தான் தம்பி. இறைவன் திருவடியைக் கழல் என்று பாடும்போது உள்ளே வீரக்கழல் இருக்கிறதா என்று பார்த்தா பாடினார்கள்?

*

அந்தத் தீவின் இலத்தீன் முழக்கம், 'எப்படி எறிந்தாலும் நிற்கும்' என்பது. படித்ததும் எனக்குப் பிருங்கி முனிவர்தான் நினைவுக்கு வந்தார். உமை சக்தியை எடுத்துக்கொள்ள, நிற்க முடியாமல் தள்ளாடியவருக்குச் சிவன் மூன்றாம் கால் கொடுத்தாரே! 'பிருங்கிக்கால்' என்றால் என்ன?

*

அழகான ஒப்புமை ஐயா. ஆனால் பிருங்கியின் கால் ஊன்றுவதற்கு, இது சுழல்வதற்கு. அப்புறம், மாங்க்ஸ் மொழியில் அந்தத் தீவினரே இதை 'மூன்று கால்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் போதுமானது நமக்குப் போதாதா? 'முக்கழல்' என்றால் எட்டு வயதுப் பிள்ளை அகராதியைத் தேடும்.

*

சரி, 'மூன்று கால் சின்னம்' என்றே அனுப்பிவிட்டேன். நான்கு பேர் ஒத்துக்கொண்டீர்கள். 1996 அரசுச் சின்னத்தின் இருபுறமும் நிற்கும் பறவைகளை வல்லூறு, அண்டங்காக்கை என்று எழுதிவிட்டேன். 1405இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி தீவை ஜான் ஸ்டான்லி என்பவருக்குக் கொடுத்தபோது, இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டுக்கு முடிசூட்டு இரண்டு வல்லூறு தரவேண்டும் என்று விதித்த கதையும் உள்ளே இருக்கிறது.

*

அனுப்பியது சரி தம்பி. ஆனால் 'மூன்று கால் சின்னம்' விளக்கம், சொல் அல்ல. சொல்லடைவில் 'முக்கழல்' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.