வயிற்றுக்குள் வாயு செலுத்தி எடுத்த பழைய எக்ஸ்ரே படம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. அல்ட்ராசவுண்ட், சிடி ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால், வயிற்றுக்குள் ஊசி வழியாக ஆக்சிஜனோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்தி, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். குடல் மார்புப் பக்கம் சரிந்துவிடும், வாயு இடுப்புக்குழியில் தங்கும், அந்தக் கருமைக்கு நடுவே கருப்பையும் சினைப்பைகளும் வெளிறிய நிழலாகத் தெரியும். எழுந்து உட்கார்ந்ததும் வாயு உதரவிதானத்துக்கு அடியில் ஏறித் தோள்பட்டை வலிக்கும், பாவம்.

இதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற கதிரியக்க மருத்துவர்கள், டெக்னீஷியன்கள் யாராவது இதைக் கையால் செய்திருந்தால் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: கார்பன் டை ஆக்சைடு சீக்கிரமே உடலில் உறிஞ்சப்பட்டுவிடும், பாதுகாப்பும் அதிகம், அப்படியிருந்தும் ஆக்சிஜனை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள்? அப்புறம், பழைய ஃபிலிம் இருந்தால் நோயாளி பெயரை மறைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.