ரீஎன்ட்ரி தேதி குழப்பம், அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

கருங்கல்_மருமகள் (மார்ச் 23, காலை 6.40)
வீட்டுக்காரர் லீவுல வந்து நிக்காரு. ஏப்ரல் 4 டிக்கெட்டு. மாமி கிணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு, ஆப்பரேசன் முடிஞ்சு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில கெடக்காங்க. ஈஸ்டர் கழிஞ்சு ஏப்ரல் 17க்கு டிக்கெட்டை மாத்தலாம்னு பாக்கோம். ரீஎன்ட்ரி, அதான் லீவு முடிஞ்சு திரும்ப உள்ள போகுத அனுமதி, 90 நாளு. ஜனவரி 20 வந்தாரு. அப்போ ஏப்ரல் 20 வரைக்கும் இருக்குல்லா? டிக்கெட் போட்ட கடையில "தாராளமா மாத்தலாம்"னு சொல்லுதாங்க. இன்னைக்கே பணம் கட்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஷார்ஜா_சுங்கான்கடை
பயப்படவே வேண்டாம் தங்கச்சி. 180 நாளுக்குள்ள திரும்பிப் போனா விசா அப்படியே இருக்கும். நான் போன தடவை அஞ்சு மாசம் ஊர்ல இருந்துட்டுப் போனேன். 180 தாண்டினாதான் ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போடணும். மாமியைப் பாருங்க.

திங்கள்சந்தை_மணி
அண்ணே, அவங்க எந்த நாடுன்னே சொல்லல. நீங்க சொல்லுதது அமீரகத்து விதியாக்கும். அக்கா, எந்த நாடு? கம்பெனி விசாவா, வீட்டு விசாவா?

பழைய_பிரவாசி
இப்படிக் கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. நாடு, விசா வகை, சிங்கிளா (ஒரு தடவை போய்வர) மல்ட்டிபிளா (பல தடவை), இக்காமா (அங்க தங்குத அட்டை) முடியுத தேதி, பாஸ்போர்ட் முடியுத தேதி, ரீஎன்ட்ரி அடிச்ச (குடுத்த) தேதி. இதெல்லாம் எழுதிட்டுக் கேக்கணும்னு இந்தப் பக்கத்துலயே நூறு தடவை சொல்லியாச்சு. பழைய கேள்விகளைப் படிச்சிருந்தா பாதி சந்தேகம் அங்கேயே தீந்திருக்கும்.

கருங்கல்_மருமகள் (காலை 8.15)
மன்னிக்கணும், வார்டுல இருந்து எழுதுதேன். சவூதி, தம்மாம். ஹவுஸ் டிரைவர், ஆறு வருசம் ஆச்சு. இக்காமா செப்டம்பர் வரைக்கும் உண்டு. பாஸ்போர்ட் இன்னும் மூணு வருசம் இருக்கு. சிங்கிள்னு நினைக்கேன். அடிச்ச தேதி தெரியாது, கபீல் (விசா குடுத்த முதலாளி)தான் அடிச்சுக் குடுத்தாரு. மூணு மாசம்னு சொன்னாராம்.

வில்லுக்குறி_நண்பன்
சவூதின்னா கணக்கு ஹிஜ்ரியிலதான். ஹிஜ்ரி வருசம் நம்ம வருசத்தை விட 10, 11 நாள் குறவு. மூணு ஹிஜ்ரி மாசம் சில சமயம் 88 நாள்தான் வரும். அதனால ரெண்டு மூணு நாளைக் குறைச்சுக் கணக்குப் பாருங்க. என் மச்சானுக்கு இக்காமா தேதியில இந்தக் குழப்பம் வந்துது.

பழைய_பிரவாசி
சவூதின்னா இவ்வளவு பதட்டம் எதுக்கு? 2021 மார்ச் 14 முதல் சட்டம் மாறியாச்சு. தொழிலாளியே அப்ஷிர்ல (சவூதி அரசோட ஆன்லைன் தளம்) எக்ஸிட் ரீஎன்ட்ரி எடுக்கலாம், கபீல் கையெழுத்து வேண்டாம். நாள் பத்தலைன்னா அவரே நீட்டிக்கட்டும்.

தம்மாம்_தக்கலை
பழைய பிரவாசி அண்ணே, அந்தச் சட்டம் கம்பெனி ஆட்களுக்கு. ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலைக்காரங்க, வீட்டுக் காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்க்கிறவங்க இதுல சேத்தி இல்லை. இவங்களுக்கு எல்லாம் கபீல் அப்ஷிர் வழியாத்தான் நடக்கும்.

கருங்கல் தங்கச்சி, நான் 14 வருசமா இங்கதான். பணம் கட்டாதே, முதல்ல இதைப் பாரு. ரீஎன்ட்ரி ரெண்டு விதமா அடிப்பாங்க. பேப்பர்ல 60 நாள், 90 நாள், 120 நாள்னு நாள் கணக்கு போட்டிருந்தா, சவூதியை விட்டு வெளியேறுன நாள்ல இருந்து எண்ணலாம். அடிச்ச மூணு மாசத்துக்குள்ள வெளியேறணும், அவ்வளவுதான். ஆனா "இந்தத் தேதிக்கு முன்னால திரும்பணும்"னு தேதி போட்டு அடிச்சிருந்தா, நீ எப்ப ஊருக்கு வந்தாலும் அந்தத் தேதியோட கதை முடிஞ்சுது. அடிச்ச நாள்ல இருந்தே ஓட ஆரம்பிச்சிரும். அதனால "90 நாள்"னு வாயால சொன்னதை நம்பி எண்ணாதே, பேப்பரை விரிச்சுப் பாரு.

இது எனக்கு நடந்தது. வெளியேறுன நாள்ல இருந்து எண்ணிட்டு திருவனந்தபுரத்துல போய் நின்னேன். பெட்டி ரெண்டும் எடை போட்டாச்சு, பட்டையும் ஒட்டியாச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு பேப்பரை ரெண்டு தடவை திருப்பிப் பாத்துட்டு, "சேட்டா, இது நாலு நாள் முன்னே கழிஞ்சு"ன்னு சொல்லிச்சு. எனக்க மகள் வெளியே கண்ணாடி வழியா கை காட்டிட்டு நிக்கா. அந்தப் பெட்டியைத் திரும்பத் தள்ளிக்கிட்டு அவ முன்னால வந்த நடை இருக்கே, இன்னும் மறக்கல. அந்த நிலைமை உங்களுக்கு வரப்படாது.

கருங்கல்_மருமகள் (காலை 9.05)
பேப்பர் வீட்டுல பெட்டிக்குள்ள. அவரைப் போய் எடுக்கச் சொல்லியிருக்கேன்.

திங்கள்சந்தை_மணி
நீட்டிக்க யார் பணம் கட்டணும் அண்ணே? சவூதி தொழிலாளர் சட்டம் 40வது பிரிவுல ரீஎன்ட்ரி கட்டணம் முதலாளி பொறுப்புன்னு தெளிவா இருக்கு. சவூதிக்குள்ள இருக்கும்போது அடிச்சா சிங்கிளுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் 200 ரியால், அதுக்கு மேல மாசம் 100 ரியால். அவர்கிட்ட கேட்டு வாங்கணும், நம்ம ஆட்கள் கேக்கவே மாட்டாங்க.

முட்டம்_கடலோரம்
சட்டம் புஸ்தகத்துல இருக்கு தம்பி. நான் சவூதி கத்தீப்புல மீன்பிடி போட்டுல போயிட்டிருந்தேன். ரீஎன்ட்ரி ரியாலை சம்பளத்துல பிடிச்சுட்டுத்தான் குடுத்தாங்க. கேட்டா அடுத்த வருசம் லீவே கெடையாது. ஆளுக்கு ஆள் சட்டம் பேசுனா வயிறு நெறையுமா?

திங்கள்சந்தை_மணி
கேக்காம இருந்ததாலதான் இன்னும் பிடிக்காங்க. ஒரு ஆளாவது கேக்கணும்.

தம்மாம்_தக்கலை
ரெண்டு பேரும் பொறுங்க. மணி சொன்ன 40வது பிரிவு உண்மை, ஆனா அதே சட்டத்துல 7வது பிரிவு வீட்டு வேலைக்காரங்களை வெளியே வெச்சிருக்கு. ஹவுஸ் டிரைவர் அதுலதான் வருவாரு. அவங்களுக்குத் தனி விதி. இவரு 40வது பிரிவைக் காட்டி கபீல்கிட்ட பேசுனா காரியம் கெட்டுப்போகும். தன்மையாக் கேக்கட்டும்.

வில்லுக்குறி_நண்பன்
ஹிஜ்ரியைப் பத்தி யாரும் பேசலியே?

தம்மாம்_தக்கலை
நண்பா, ரெண்டு தேதியும் இருக்கும். நம்ம இங்கிலீஷ் தேதியைப் பாத்தாலே போதும். ஒண்ணுக்கொண்ணு ஒரே நாளைத்தான் சொல்லும்.

கருங்கல்_மருமகள் (காலை 11.30)
அண்ணே, அவரு பேப்பர் கொண்டு வந்தாரு. பாஸ்போர்ட் உறைக்குள்ள நாலா மடிச்சு வெச்சிருந்தாரு, மடிச்ச இடத்துல எழுத்து தேய்ஞ்சு போச்சு. பக்கத்துப் பெட்டுல இருக்க மாணவி படிச்சுச் சொல்லிச்சு. அடிச்ச தேதி ஜனவரி 2. நாள் கணக்கு போடுத கட்டத்துல ஒண்ணும் இல்ல. திரும்ப வேண்டிய தேதி ஏப்ரல் 2ன்னு இருக்கு.

அப்போ ஏப்ரல் 17 இல்ல, எங்க கையில இருக்க ஏப்ரல் 4 டிக்கெட்டே பிழைதானே? கை நடுங்குது.

தம்மாம்_தக்கலை
ஆமா தங்கச்சி. நீ இன்னைக்குக் கேட்டது நல்லதாப் போச்சு, இன்னும் பத்து நாள் இருக்கு.

இப்பவே வீட்டுக்காரரைக் கபீலுக்கு ஃபோன் போடச் சொல்லு. வாட்ஸ்அப்புல எழுதினா பாக்க மாட்டாரு, பேசணும். பெருநாள் லீவுல இருப்பாரு, எடுக்கலைன்னா மகன் யாராவது இருந்தா அவங்ககிட்ட சொல்லட்டும். முதல்ல அம்மாவுக்கு ஆப்பரேசன்னு சொல்லட்டும், அப்புறம் தேதி. ஆள் வெளிநாட்டுல இருக்கும்போதே அப்ஷிர்ல நீட்டிக்க முடியும். கட்டணத்தை முதல்ல பேங்க் வழியாக் கட்டிட்டுத்தான் நீட்டிக்கணும், பணம் கட்டாம பொத்தானை அமுக்கினா நடக்காது. கபீல்மாருக்கு அங்கதான் தடுக்கும். இக்காமா செப்டம்பர் வரைக்கும் இருக்கதால அதுல பிரச்சனை இல்ல.

அவரு "முடிச்சுட்டேன்"னு சொன்னாலும் நம்பிட்டு உக்காராதே. முகீம் தளத்துல விசா செல்லுபடி பாக்குற பக்கம் இருக்கு. இக்காமா நம்பர், பாஸ்போர்ட் நம்பர் போட்டா தேதி காட்டும். அந்தத் தேதி மாறுன பிறகுதான் டிக்கெட்டுக்குப் பணம்.

ஷார்ஜா_சுங்கான்கடை
நான் அமீரகம்னு நினைச்சுச் சொல்லிட்டேன் தங்கச்சி, மன்னிச்சுக்கோ. நான் சொன்னதைக் கேட்டு யாரும் பணம் கட்டிராதீங்க.

பழைய_பிரவாசி
ஹவுஸ் டிரைவர்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் அதையே சொல்லியிருப்பேன். டிக்கெட் கடைக்காரங்களுக்கு டிக்கெட் மாத்தத்தான் தெரியும், ரீஎன்ட்ரி பேப்பரை அவங்க பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. எல்லாரும் இதை மனசுல வைங்க.

முட்டம்_கடலோரம்
அது சரி. ஆனா ஒரு பேப்பரைக் காட்டச் சொல்லிக் கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்த ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு ஆளு கடல் கடந்து நிக்கான். அவங்களை நம்பித்தானே கடை நடக்குது?

திங்கள்சந்தை_மணி
இதுக்கு நானும் கை தூக்குதேன்.

கருங்கல்_மருமகள் (மார்ச் 27, இரவு 9.50)
கபீல் ரெண்டு நாள் ஃபோன் எடுக்கல. மூணாவது நாள் அவரு மகன் எடுத்தாரு. ஒரு மாசம் கூட்டிக் குடுத்தாச்சு. முகீம்ல மே 2ன்னு காட்டுது, ரெண்டு தடவை பாத்தேன். டிக்கெட் 17க்கு மாத்தியாச்சு. பணம் பத்தி நாங்க ஒண்ணும் கேக்கல, அவங்களும் சொல்லல. தம்மாம் அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

தம்மாம்_தக்கலை
சந்தோசம். புதுப் பேப்பரைப் பிரிண்ட் எடுத்து, மடிக்காம கொண்டு போகச் சொல்லு. மாமி எழும்பி நடக்காங்களா?

இரணியல்_அக்கா (ஏப்ரல் 11)
எனக்க தம்பிக்கும் இதே மாதிரிதான், ரீஎன்ட்ரி 60 நாளு, வந்து 50 நாளாச்சு. போலாமா?

திங்கள்சந்தை_மணி
பேப்பரை எடுத்து வைங்க அக்கா. நாள் போட்டிருக்கா, தேதி போட்டிருக்கா?